முதல் வினாடி வினா அணி: தருமபுரி, கிருஷ்ணகிரிப் பள்ளிகளுக்கு ஒரு வழிகாட்டி

பாலக்கோடு பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் நடத்துகிறேன். முதன்முதலாக மூன்று பிள்ளைகளை அறிவியல் வினாடி வினாவுக்கு அழைத்துப்போன நாள் இன்னும் மனத்தில் இருக்கிறது. அன்று அவர்கள் விடை தெரியாமல் தோற்கவில்லை. ஒரு கேள்விக்கு 'பாஸ்' சொல்லலாம் என்பதே தெரியாமல் நேரம் முடியும்வரை உட்கார்ந்திருந்தார்கள். இன்னொன்றுக்கு ஒருத்தி சரியான விடையைக் காதோடு சொன்னாள், பக்கத்தில் இருந்தவன் அதைக் கேட்காமல் வேறொன்றைச் சொல்லிவிட்டான். மூன்றாவது கேள்வி ஆங்கிலத்தில் வந்தது. உந்தத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதக்கூடிய பிள்ளைகள் 'மொமென்டம்' என்ற சொல்லைக் கேட்டதும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

திரும்பி வரும்போது பேருந்தில் ஒருவன் கேட்டான்: "மொமென்டம்னா உந்தம்தானா சார்? இதை முன்னாடியே சொல்லியிருந்தா நான் சொல்லியிருப்பேனே." அவன் கேட்டது நியாயம். அவர்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்திருந்தேன், போட்டியைச் சொல்லிக் கொடுக்கவில்லை.

அதற்குப் பிறகு பல ஆண்டுகளில் கற்றுக்கொண்டதை இங்கே வரிசையாக எழுதுகிறேன். 8, 9, 10ஆம் வகுப்புப் பிள்ளைகளை முதல்முறையாகத் தயார் செய்யும் ஆசிரியருக்கும் பெற்றோருக்கும் இது உதவும். துணைக்கு யாரும் இல்லாமல் தானாகவே முயலும் மாணவருக்கும் உதவும்.

முதல் படி: என்னென்ன போட்டிகள் என்று தெரிந்துகொள்ளுங்கள்

பெரும்பாலான வினாடி வினாக்கள் சில நாள்களை ஒட்டியே நடக்கின்றன. அந்த நாள்களை நாட்காட்டியில் குறித்துவைத்தால் எப்போது தயாராக இருக்க வேண்டும் என்பது தெரிந்துவிடும். பிப்ரவரி 28 தேசிய அறிவியல் நாள், 1928இல் இராமன் விளைவு கண்டறியப்பட்ட நாள். டிசம்பர் 22 ராமானுஜன் பிறந்த தேசியக் கணித நாள். ஆகஸ்ட் 23 தேசிய விண்வெளி நாள், 2023இல் சந்திரயான்-3 நிலவில் இறங்கியதற்காக. மார்ச் 14 பை நாள். அக்டோபர் 15 அப்துல் கலாம் பிறந்தநாள். ஜூன் 5 சுற்றுச்சூழல் நாள். இன்னொரு பயனும் இருக்கிறது: எந்த நாளுக்காகப் போட்டி நடக்கிறதோ அந்த நாளைப் பற்றி ஒரு கேள்வியாவது வரும்.

அரசுப் பள்ளிகளில் வினாடி வினா மன்றம் இருக்கிறது. 2022 நவம்பர் 28இல் தொடங்கிய வானவில் மன்றம் 6 முதல் 8ஆம் வகுப்பு வரை உள்ளவர்களுக்குச் செய்முறைகளைக் கொண்டுவருகிறது. 'எங்கும் அறிவியல், யாவும் கணிதம்' என்பது அதன் முழக்கம். தமிழ்நாடு அறிவியல் இயக்கம் துளிர் திறனறிதல் தேர்வு நடத்துகிறது. அவர்கள் வெளியிடும் 'துளிர்' மாத இதழைப் பள்ளிக்கு வரவழையுங்கள். இவை போகப் பொறியியல் கல்லூரிகளும் தனியார் பள்ளிகளும் சங்கங்களும் தங்கள் விழாக்களில் போட்டி வைக்கும். அந்தச் சுற்றறிக்கை தலைமையாசிரியர் மேசைக்கு வந்து, கோப்புக்குள் போய், தேதி முடிந்த பிறகு நம் கைக்கு வருவது உண்டு. அதனால் அலுவலகத்தில் இருப்பவரிடம் வாரம் ஒருமுறை நாமே போய்க் கேட்பதுதான் வழி.

என்.எம்.எம்.எஸ். தேர்வையும் டிரஸ்ட் தேர்வையும் வினாடி வினாவோடு சேர்த்தே யோசியுங்கள். என்.எம்.எம்.எஸ். என்பது 8ஆம் வகுப்புக்கான மத்திய அரசின் உதவித்தொகைத் தேர்வு. மனத்திறனுக்கு 90 கேள்விகள், பாடத்துக்கு 90 கேள்விகள். தேர்ச்சி பெற்றுத் தேர்வானவர்களுக்கு 12ஆம் வகுப்பு வரை மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். டிரஸ்ட் என்பது ஊரகப் பகுதி 9ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கான திறனாய்வுத் தேர்வு. வினாடி வினாவுக்கு உழைத்த பிள்ளைக்கு இந்த இரண்டும் பாதி தயாரானது போலத்தான். போட்டிக்கு அனுப்பத் தயங்கும் பெற்றோரிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

இரண்டாம் படி: அணியைச் சேர்ப்பது

வகுப்பில் முதல் மூன்று இடம் எடுப்பவர்களை அப்படியே பொறுக்கி எடுக்காதீர்கள். நானும் முதலில் அப்படித்தான் செய்தேன். மூவருக்கும் ஒரே பாடம்தான் பலம், மூவரும் ஒரே இடத்தில் தடுமாறினார்கள். இப்போது வேறு மாதிரிப் பார்க்கிறேன். ஒருவர் கணக்கை மனத்திலேயே போடுகிறவராக இருக்க வேண்டும். ஒருவர் கையில் கிடைத்த தாளையெல்லாம், வடை மடித்த தாள் உட்பட, படிக்கிற பழக்கம் உள்ளவராக இருக்க வேண்டும். மூன்றாமவர் பதறாதவர். கேள்வியைக் கடைசிச் சொல் வரை கேட்டு, மற்ற இருவர் சொல்வதையும் கேட்டு, விடையைச் சொல்ல வேண்டியவர் இவர்தான். அணித்தலைவர் பொறுப்பை இவரிடமே கொடுங்கள்.

மூவரில் ஒருவர் 8ஆம் வகுப்பாக இருக்கட்டும். இல்லாவிட்டால் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் போனதும் அடுத்த ஆண்டு திரும்பவும் சுழியிலிருந்து தொடங்க வேண்டியதுதான். பெண் பிள்ளைகளைச் சேர்க்கும்போது, போட்டி எந்த ஊரில், எத்தனை மணிக்குத் திரும்புவோம், கூட எந்த ஆசிரியை வருகிறார் என்பதை வீட்டுக்கே போய்ச் சொல்லிவிடுங்கள். தொலைபேசியில் "வேண்டாம் சார்" என்று மறுத்த தாய் ஒருவர், நேரில் போய்ப் பேசியதும், "நீங்க கூடப் போறீங்கன்னா சரி" என்று அனுப்பிவைத்தார்.

மூன்றாம் படி: எதைப் படிப்பது

6 முதல் 10 வரையிலான அறிவியல், கணிதப் பாடப்புத்தகங்களே போதுமான அடித்தளம். அவற்றில் யாரும் படிக்காத இடங்கள் சில இருக்கின்றன: பாடத்துக்கு நடுவே கட்டத்துக்குள் வரும் துணுக்குகள், அறிவியலாளர் குறிப்புகள், பாட முடிவில் உள்ள கலைச்சொற்கள். தேர்வில் வராது என்று நாம் தாண்டிப் போகும் இந்தப் பகுதிகளில்தான் வினாடி வினாக் கேள்விகள் விளைகின்றன.

கலைச்சொல் பட்டியல் தமிழ் வழிப் பிள்ளைகளுக்கு மிக முக்கியம். ஒரு நோட்டில் நடுவே கோடு போட்டு இரண்டு பத்திகள் எழுதச் சொல்லுங்கள். உந்தம் எதிரே மொமென்டம், முடுக்கம் எதிரே ஆக்சலரேஷன், வினையூக்கி எதிரே கேட்டலிஸ்ட், பகா எண் எதிரே பிரைம் நம்பர். ஆங்கில எழுத்துக்கூட்டலோடு சேர்த்து ஒலிப்பையும் தமிழில் எழுதிக்கொண்டால் காதால் கேட்டவுடன் பிடிபடும். ஒரு நாளைக்கு ஐந்து சொற்கள் வீதம் ஒரு பருவத்துக்குள் தேவையான சொற்கள் எல்லாம் வந்துவிடும். ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் பிள்ளைகள் நிறைய. ஏற்கெனவே இரண்டு மொழிக்கிடையில் தாவிப் பழகியவர்கள் என்பதால் இந்த நோட்டு அவர்களுக்கு இன்னும் சுலபமாக வருவதைப் பார்த்திருக்கிறேன்.

கடைகளில் கிடைக்கும் பழைய வினா-விடைப் புத்தகங்களை எச்சரிக்கையோடு பயன்படுத்துங்கள். அறிவியலில் விடைகள் மாறுகின்றன. 2006இல் புளூட்டோ கோள் வரிசையிலிருந்து நீங்கியது. 2016இல் நான்கு புதிய தனிமங்களுக்குப் பெயர் வைக்கப்பட்டு 118 வரை அட்டவணை நிரம்பியது. கிலோகிராமுக்குப் பாரிசுக்கு அருகில் வைத்திருந்த உலோக உருளையை அளவாகக் கொண்டிருந்த நிலை 2019 மே 20 முதல் மாறி, பிளாங்க் மாறிலியைக் கொண்டு வரையறுக்கிறார்கள். சனிக் கோளின் துணைக்கோள்கள் எத்தனை என்ற கேள்விக்கு 2025 மார்ச்சில் ஒரேயடியாக 128 கூடி 274 ஆகிவிட்டது. பழைய புத்தகத்தை மனப்பாடம் செய்த பிள்ளை தவறான விடையை உறுதியோடு சொல்லும், அதுதான் சங்கடம். எந்த எண்ணைப் படித்தாலும் பக்கத்தில் எந்த ஆண்டுக் கணக்கு என்று எழுதிவைக்கப் பழக்குங்கள்.

நான்காம் படி: நம் ஊரிலிருந்து கேள்வி எடுப்பது

இந்தப் படிதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு பொருளை எடுத்துக்கொண்டு 'இது ஏன் இப்படி?' என்று கேட்டுக்கேட்டுப் போனால் நான்கு பாடங்களுக்குள் நுழைந்து வெளியே வந்துவிடலாம். அப்படி வந்த பிள்ளை எந்த ஊர்க் கேள்விக்கும் பயப்படாது.

எங்கள் வகுப்பில் ஒரு பெண் சிரிக்கும்போதெல்லாம் கையால் வாயை மூடிக்கொள்வாள். பல்லில் பழுப்புக் கறை. அவளுக்கு மட்டுமில்லை, இந்த மாவட்டத்தில் பலருக்கும் இருக்கிறது. பல் துலக்காததால் வந்ததென்றுதான் பிள்ளைகள் நினைத்திருந்தார்கள். ஒருநாள் அதையே கேள்வியாக்கினோம். இந்தக் கறை எதனால்? நிலத்தடி நீரில் ஃபுளூரைடு அதிகம். நீருக்குள் அது எப்படி வந்தது? அடியில் உள்ள பாறைகளின் கனிமங்களிலிருந்து கரைந்து வந்தது. எவ்வளவு வரை இருக்கலாம்? லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் கூடாது. அப்படியானால் பற்பசையில் ஏன் ஃபுளூரைடு சேர்க்கிறார்கள்? சிறிதளவு பல்லைக் காக்கும், அளவு மிஞ்சினால் பல்லையும் எலும்பையும் கெடுக்கும். ஃபுளூரின் எந்தக் குடும்பம்? உப்பீனிகள், அணு எண் 9, எலக்ட்ரான் கவர்திறனில் எல்லாத் தனிமங்களுக்கும் முதலிடம். நம் ஊருக்கு இதற்கு என்ன செய்தார்கள்? ஜப்பான் நிதியுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்து 2013இல் தொடங்கியது. வேதியியல், உயிரியல், புவியியல், பொது அறிவு எல்லாம் ஒரே கேள்வியில் வந்துவிட்டன. கறைக்குக் காரணம் தன் தவறு இல்லை என்று அந்தப் பெண் அன்று தெரிந்துகொண்டாள். எனக்கு அதுவே பெரிய பரிசு.

கிருஷ்ணகிரிப் பக்கம் இருந்தால் மாம்பழத்தை எடுங்கள். கார்பைட் கல்லைக்கொண்டு பழுக்கவைப்பது ஏன் தடை செய்யப்பட்டிருக்கிறது? ஈரம் பட்டதும் அந்தக் கால்சியம் கார்பைடிலிருந்து அசிட்டிலீன் வாயு வருகிறது. வெல்டிங் பட்டறையில் எரிவதும் இதே வாயுதான். கல்லில் கலந்திருக்கும் ஆர்சனிக், பாஸ்பரஸ் மாசுகள் உடலுக்குக் கெடுதல். பழம் தானாகப் பழுக்கும்போது என்ன வாயு? எத்திலீன், அது ஒரு தாவர ஹார்மோன். எத்திலீனுக்கும் அசிட்டிலீனுக்கும் என்ன வேறுபாடு? ஒன்றில் கார்பன்களுக்கிடையே இரட்டைப் பிணைப்பு, மற்றதில் மூன்று. பத்தாம் வகுப்பு கார்பன் பாடம் மாங்காய் மண்டியிலிருந்தே தொடங்கிவிட்டது.

ஓசூர்க்காரர்களுக்கு ஒரு கேள்வி: அங்கே தண்ணீர் எத்தனை டிகிரியில் கொதிக்கும்? நூறு என்று சொன்னால் தவறு. ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 300 மீட்டர் ஏறினால் கொதிநிலை சுமார் 1 டிகிரி குறையும். ஆகவே 97க்கு அருகில். குக்கருக்குள் அழுத்தம் கூடுவதால் கொதிநிலை 120 வரை ஏறுகிறது, பருப்பு சீக்கிரம் வேகிறது.

பர்கூர் அருகே மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் பொது ஆண்டுக்கு முன் 2172 என்று 2022இல் அறிவித்தார்கள். இதைக் கார்பன்-14 முறையில் கணித்தார்கள். அதன் அரை ஆயுள், அதாவது அது பாதியாகக் குறைய ஆகும் காலம், 5,730 ஆண்டுகள். ஏறத்தாழ 4,200 ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு மாதிரியில் பாதிக்கு மேல் மீதியிருக்குமா, குறைவாகவா? ஓர் அரை ஆயுள்கூட முடியவில்லை, அதனால் பாதிக்கு மேல். கணக்கே போடாமல் விடை வந்துவிட்டது. 2025 ஜனவரியில் தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளையிலிருந்து இன்னும் பழைய காலக்கணிப்பு வெளியானது. தமிழ்நாட்டில் மிகப் பழைய இரும்பு எங்கே என்று இப்போது கேட்டால் மயிலாடும்பாறை என்று சொல்லக் கூடாது. நம் ஊர்ப் பெருமைதான், ஆனாலும் கேள்வியில் உள்ள ஆண்டைப் பார்த்தே விடை சொல்ல வேண்டும்.

ராகிக் களியில் கால்சியம் (100 கிராம் கேழ்வரகில் ஏறக்குறைய 350 மில்லிகிராம்), தருமபுரி அங்காடிக்கு வரும் பட்டுக்கூட்டின் புரதம், அதியமான் கொடுத்த நெல்லிக்கனியின் வைட்டமின் சி, ஒகேனக்கல் சாரலில் தெரியும் வானவில் என்று இன்னும் எவ்வளவோ இருக்கின்றன. பிள்ளைகளிடம் விட்டுவிட்டால் அவர்களே கொண்டுவருவார்கள்.

ஐந்தாம் படி: கேள்விக்குள் இருக்கும் துப்பைப் பிடிப்பது

நல்ல கேள்வியில் விடைக்குப் போகும் வழி ஒன்றுக்கு மேல் இருக்கும். ஒரு முறை நான் கேட்டது இது: "1988இல் காவலூர் வானாய்வகத்தில் கண்டுபிடித்த 4130ஆம் எண் சிறுகோளுக்கு ஒருவர் பெயர் வைக்கப்பட்டது. ஈரோட்டில் பிறந்தவர். லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினர். 32 வயதில் மறைந்தார். யார்?"

"சிறுகோள் பத்தி எனக்கு எதுவும் தெரியாது சார்" என்றான் ஒருவன்.

"ஈரோடுன்னா பெரியார்தான்" என்றான் அடுத்தவன்.

"பெரியார் 94 வயசு வரைக்கும் இருந்தாரே" என்றாள் மூன்றாமவள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "லண்டன்... சின்ன வயசு... ராமானுஜனா? ஆனா அவர் கும்பகோணமாச்சே சார்?"

வளர்ந்தது கும்பகோணம், பிறந்தது ஈரோடு. மூவரில் ஒருவருக்கும் விடை முழுதாகத் தெரியாது. ஆளுக்கு ஒன்றைச் சொல்லி, ஒன்றைத் தள்ளி, மூவருமாகக் கண்டுபிடித்தார்கள். அணி என்று ஒன்று எதற்கு என்பது அன்று அவர்களுக்கே விளங்கியது. பயிற்சியில் விடை சொன்ன பிள்ளையை "எப்படி வந்தாய்?" என்று கட்டாயம் கேளுங்கள். அந்தப் பாதையை மற்றவர்கள் கேட்பது விடையைக் கேட்பதைவிடப் பயன் தரும். காவலூர் கிருஷ்ணகிரிக்குப் பக்கத்து மாவட்டமான திருப்பத்தூரில்தான் இருக்கிறது. முன்கூட்டியே அனுமதி கேட்டு ஒரு முறை அழைத்துப்போனால் வானியல் கேள்விகள் எல்லாம் கண்ணால் பார்த்ததாகிவிடும்.

அடுத்ததாக, கேள்விகளைப் பிள்ளைகளே எழுத வேண்டும். வாரம் ஆளுக்கு மூன்று. விடையைக் கேள்விக்குள்ளேயே ஒளித்து எழுதத் தெரிந்துவிட்டால், அடுத்தவர் ஒளித்ததைத் தேடவும் தெரிந்துவிடும்.

ஆறாம் படி: கணக்கு

கணிதச் சுற்றில் தாளும் பேனாவும் கிடைத்தாலும் நேரம் கிடைக்காது. முப்பது நொடிதான். அதனால் சில குறுக்குவழிகள் வேண்டும், ஆனால் காரணம் தெரிந்த குறுக்குவழிகளாக இருக்க வேண்டும்.

35இன் வர்க்கம்: 3ஐ அடுத்த எண்ணான 4ஆல் பெருக்கினால் 12, பின்னால் 25 சேர்த்தால் 1225. ஐந்தில் முடியும் எல்லா எண்ணுக்கும் இது வரும். ஏன் வருகிறது என்று கரும்பலகையில் விரித்துக் காட்டிவிடுங்கள். 97ஐ 96ஆல் பெருக்க, நூறுக்குக் குறைவது 3, 4. 97இலிருந்து 4 போனால் 93, மூன்று நான்கு 12, விடை 9312. மூன்றரை மணிக்குக் கடிகார முள்களுக்கிடையே கோணம் என்ன? அவசரப்பட்டால் 90 என்று வரும். அரை மணி நேரத்தில் சிறிய முள்ளும் 15 பாகை நகர்ந்திருக்கும், அதனால் 75. 100க்குள் பகா எண்கள் 25. ஆறு பேர் ஒருவரோடொருவர் கை குலுக்கினால் 15 முறை. இவை திரும்பத் திரும்ப வேறு வேறு வேடத்தில் வருபவை.

சதவீதக் கணக்கில் எங்கள் பிள்ளைகளை யாரும் அடித்துக்கொள்ள முடியாது, தக்காளிதான் காரணம். 15 கிலோ பெட்டி 240 ரூபாய்க்கு வாங்கி, ஐந்தில் ஒரு பங்கு அழுகிவிட்டது. போட்ட காசு திரும்ப வர மீதியைக் கிலோ என்ன விலைக்கு விற்க வேண்டும்? மீதி 12 கிலோ, ஆகவே 20 ரூபாய். முதலில் அடக்கம் கிலோ 16. சரக்கு 20 சதவீதம் குறைந்தால் விலையை 25 சதவீதம் ஏற்ற வேண்டும். புத்தகத்தில் இதே கணக்கைப் பார்த்துத் திணறிய பையன், தக்காளி என்று சொன்னதும் வாய்க்கணக்காகச் சொன்னான். அவன் அப்பாவோடு மண்டிக்குப் போகிறவன்.

சலிப்பு வந்தால் கப்ரேக்கரைச் சொல்லுங்கள். மகாராஷ்டிரத்தின் தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். எல்லாம் ஒரே இலக்கமாக இல்லாத எந்த நான்கிலக்க எண்ணையும் எடுத்து, பெரியதிலிருந்து சிறியதாகவும் சிறியதிலிருந்து பெரியதாகவும் அடுக்கிக் கழியுங்கள். 3524 என்றால் 5432இலிருந்து 2345 போக 3087. மறுபடி 8730இலிருந்து 0378 போக 8352. மறுபடி 8532இலிருந்து 2358 போக 6174. எந்த எண்ணில் தொடங்கினாலும் ஏழு முறைக்குள் 6174இல் வந்து நிற்கும். வகுப்பு முழுவதும் வேறு வேறு எண்ணில் தொடங்கி ஒரே இடத்தில் வந்து சேரும்போது எழும் கூச்சல் எனக்கு மிகவும் பிடிக்கும்.

ஏழாம் படி: மேடையைப் பள்ளியிலேயே அமைப்பது

மாலையில் சிறப்பு வகுப்பு வைத்தால் பென்னாகரம், அஞ்செட்டி போன்ற இடங்களில் பிள்ளைகள் பேருந்தைத் தவறவிடுவார்கள். மதிய உணவுக்குப் பின் இருபது நிமிடம், வாரம் மூன்று நாள் போதும். நாலு பெஞ்சை வரிசையாகப் போட்டு நாலு அணிகளை உட்காரவையுங்கள். முதலில் அழுத்திய அணியைக் காட்டும் பஸ்ஸர் வேண்டுமே என்று கவலை வேண்டாம். காலிங் பெல் சுவிட்சு, 9 வோல்ட் பேட்டரி, அணிக்கு ஒரு நிறத்தில் எல்.இ.டி., அதற்கு ஒரு மின்தடை இருந்தால் போதும். மின்னியல் பாடத்தை முடித்த பிள்ளைகள் அவர்களே செய்துவிடுவார்கள்.

போட்டியில் வரும் சொற்களையும் முறைகளையும் இங்கேயே பழக்குங்கள். முதலில் எழுத்துச் சுற்று, இருபது முப்பது கேள்விகள் இருக்கும். இருபது அணிகள் வந்தால் ஆறுதான் மேடைக்குப் போகும். சில கேள்விகளுக்கு நட்சத்திரக் குறி இருக்கும், மதிப்பெண் சமமானால் அவற்றை வைத்து முந்தியவரைத் தீர்மானிப்பார்கள். நட்சத்திரக் கேள்விகளை எக்காரணம் கொண்டும் வெறுமையாக விடக் கூடாது. மேடையில் நேரடிக் கேள்வி, தெரியாவிட்டால் அடுத்த அணிக்குப் 'பாஸ்'. பிறகு படம் காட்டும் சுற்று, பஸ்ஸர் சுற்று, கடைசியில் ஒரு நிமிடத்துக்குள் பத்துக் கேள்வி கேட்கும் ரேபிட் ஃபயர். ரேபிட் ஃபயரில் தெரியாததற்கு உடனே 'பாஸ்' சொல்லிவிட வேண்டும், ஒரு கேள்வியில் நின்றால் மூன்று போய்விடும்.

பஸ்ஸர் சுற்றுக்கு ஒரு கணக்கு இருக்கிறது, இதைக் கட்டாயம் சொல்லிக் கொடுங்கள். சரியான விடைக்கு 10, தவறுக்கு 5 கழிப்பார்கள் என்று வைத்துக்கொள்வோம். நான்கு தெரிவுகளில் குருட்டாம்போக்கில் ஒன்றைச் சொன்னால் நான்கில் ஒருமுறை 10 வரும், மூன்றுமுறை ஐந்தைந்தாகப் போகும். மொத்தத்தில் நட்டம். ஒரு தெரிவு தவறென்று உறுதியாகத் தெரிந்தால் நட்டமும் இல்லை, லாபமும் இல்லை. இரண்டைத் தள்ள முடிந்தால் சராசரியாகக் கேள்விக்கு இரண்டரை மதிப்பெண் லாபம். ஆகவே இரண்டு தெரிவைத் தள்ள முடிந்தால் அழுத்துங்கள், இல்லாவிட்டால் கையை எடுங்கள். தவறுக்கு முழுதாக 10 கழிக்கும் போட்டிகளில் இந்தக் கணக்கு மாறும், பிள்ளைகளையே திரும்பப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். நிகழ்தகவுப் பாடம் அதற்குப் பிறகு அவர்களுக்கு மறக்காது.

எட்டாம் படி: போட்டி நாள்

முதல் நாளே எடுத்துவைக்க வேண்டியவை: பள்ளி அடையாள அட்டை, தலைமையாசிரியர் கடிதம், பெற்றோர் ஒப்புதல், ஆளுக்கு இரண்டு பேனா, தண்ணீர், கட்டுச்சோறு. தருமபுரியிலிருந்து ஓசூருக்குப் போக வேண்டுமென்றால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும், அதனால் முதல் பேருந்தைப் பிடியுங்கள். பேருந்தில் படிக்கவிடாதீர்கள். வாந்தி வரும், பதற்றமும் கூடும்.

அரங்குக்குப் போனதும் விதிகள் அறிவிக்கும்போது மூன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தமிழில் விடை சொன்னால் ஏற்பார்களா? கேள்வியை ஒருமுறை திரும்பப் படிக்கச் சொல்லலாமா? தவறான விடைக்கு மதிப்பெண் குறையுமா? இதைக் கேட்கப் பிள்ளைகளையே எழுந்து நிற்கச் சொல்லுங்கள். பெரிய தனியார் பள்ளிப் பிள்ளைகள் சரளமான ஆங்கிலத்தில் பேசுவதைப் பார்த்து நம் பிள்ளைகள் உள்ளுக்குள் சுருங்கிப்போவது எனக்குத் தெரியும். முதலில் ஒரு கேள்வியைத் தாங்களே தமிழில் கேட்டு, அதற்குப் பதிலும் கிடைத்துவிட்டால் அந்தச் சுருக்கம் பாதி போய்விடும்.

மேடையில் மூன்று பழக்கம் போதும். கேள்வியில் வரும் எண்ணை உடனே எழுதிக்கொள்வது. தலைவர் மட்டும் விடை சொல்வது. விடையோடு அலகையும் சேர்த்துச் சொல்வது, விசை என்றால் நியூட்டன், அழுத்தம் என்றால் பாஸ்கல். கலந்து பேசுவது காதோடு காதாக இருக்கட்டும், உரக்கப் பேசினால் பக்கத்து அணி அதைப் பிடித்துக்கொள்ளும். நடுவர் சொன்ன விடை தவறென்று தோன்றினால் அந்தக் கேள்வி முடிந்த உடனே, அடுத்த கேள்விக்கு முன், தலைவர் எழுந்து மரியாதையாகச் சொல்லலாம். ஏற்காவிட்டால் உட்கார்ந்துவிட வேண்டும். பார்வையாளர் வரிசையிலிருந்து ஆசிரியர் சைகை காட்டக் கூடாது. இதை நான் கண்டிப்பாகச் சொல்கிறேன். பிள்ளைகள் நம்மைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

கடைசியாக: திரும்பும் பேருந்து

ஜெயித்தாலும் தோற்றாலும் திரும்பும் வழியில் ஏதாவது ஓர் ஊரில் இறங்கி வடை, டீ வாங்கிக் கொடுங்கள். அப்புறம் நோட்டை எடுத்து, தவறவிட்ட கேள்விகளை மூவரும் நினைவிலிருந்து எழுதட்டும். மறுநாள் என்று தள்ளிப்போட்டால் பாதி மறந்துபோகும். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், விடை தெரியாமல் போனதா, தெரிந்தும் தவறியதா என்று குறிக்கச் சொல்லுங்கள். முதல் ஆண்டில் 'தெரிந்தும் தவறியது' தான் அதிகம் இருக்கும். அந்த வகையை ஒரே பருவத்தில் சரிசெய்துவிடலாம்.

எங்கள் பள்ளியில் அந்த நோட்டு இப்போது மூன்றாவது தொகுதிக்கு வந்திருக்கிறது. பத்தாம் வகுப்பு முடித்துப் போகிறவர்கள் அதை 8ஆம் வகுப்பிலிருந்து வரும் பிள்ளையிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள். முதல் பக்கத்தில் முதல் வரி: மொமென்டம் என்றால் உந்தம்.